கல்லடியில் மதியம் வரும் சோற்றுக் கரியர்

பத்து மாதமாக மதியச் சோறு எனக்கு வெளியிலிருந்து வருகிறது. மட்டக்களப்பு, கல்லடியில் ஒரு வீட்டில் அக்காவும் தங்கையும் சமைக்கிறார்கள். ஒரு பிள்ளை ஸ்கூட்டியில் கொண்டுவந்து தருகிறாள். பெயர்ப்பலகை கிடையாது. பெயர் போட்டு எழுதட்டுமா என்று மூத்தவரிடம் கேட்டேன். "வேணாம் டீச்சர், இப்ப இரிக்கிற முப்பத்திரண்டு வீட்டுக்கே அடுப்பு காணாது" என்று சொல்லிவிட்டார். ஆகவே பெயர் இல்லாமலே எழுதுகிறேன். கல்லடி, நாவற்குடா, மஞ்சந்தொடுவாய் ஆட்களுக்கு யாரென்று தெரியும். வெளிநாட்டில் இருந்துகொண்டு இங்கே இருக்கும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ சாப்பாடு ஒழுங்கு செய்ய நினைக்கிற பிள்ளைகள்தான் இதை முக்கியமாக வாசிக்க வேண்டும்.

முதலில் சாப்பாடு. மூன்று தட்டுக் கரியர். அடித்தட்டில் சிவப்பரிசிச் சோறு. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு வயல்காரரிடம் மூடையாக எடுக்கிறார்கள், அதனால் மாதத்துக்கு மாதம் அரிசி மாறுவதில்லை. நடுத்தட்டில் ஒரு பால்கறி, ஒரு சுண்டல். மேல்தட்டில் மீன் அல்லது முட்டை. திங்களும் வெள்ளியும் மரக்கறி மட்டும். மரக்கறிச் சாப்பாடு 350 ரூபாய், மீன் சாப்பாடு 450. தை மாதம் 50 ரூபாய் ஏற்றினார்கள். தேங்காய் விற்கிற விலைக்கு அதில் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

மாங்காய் போட்ட கீரிமீன் ஆணம் இவர்களுடைய கைப்பக்குவம். மாங்காய்க் காலத்தில் வாரம் ஒரு தடவையாவது வரும். மீன் உடையாமல், ஆணம் தண்ணியாகவும் இல்லாமல் கட்டியாகவும் இல்லாமல், மாங்காயின் புளிப்பு தேங்காய்ப்பாலுக்குள் ஏறி நிற்கும். என் அம்மா மண்சட்டியில் வைத்த ஆணத்துக்குப் பிறகு இப்படி ஒன்றை நான் சாப்பிடவில்லை. முருங்கையிலைச் சுண்டலும் நன்றாக இருக்கும், இலையை நரம்பில்லாமல் ஆய்ந்திருப்பார்கள். ஆய்வதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று சமைக்கிறவர்களுக்குத் தெரியும்.

குறைகளும் இருக்கின்றன. தங்கை சமைக்கிற நாளில் உப்புக் கூடும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், சொன்னால் குறைக்கிறார்கள். சீனி வருத்தக்காரருக்கென்று தனிச் சமையல் இல்லை. உருளைக்கிழங்குக்குப் பதில் வேறு கறி கேட்டால் முதல் நாளே சொல்ல வேண்டும். மாரியில் பன்னிரண்டரைக்கு வர வேண்டிய சாப்பாடு ஒன்றரைக்குத்தான் வரும். வெள்ளம் ஏறிய இரண்டு நாள் வரவேயில்லை, ஆனால் இரண்டு நாளும் காலையிலேயே தொலைபேசியில் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை இல்லை.

இவ்வளவு மட்டும் என்றால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். நல்ல சமையல்காரர்கள் மட்டக்களப்பில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இதற்கு முன்னர் ஒரு கடையில் பார்சல் எடுத்துக்கொண்டிருந்தேன். கடையின் பெயர் வேண்டாம். பெடியன் மோட்டார் சைக்கிளை நிற்பாட்டாமலே கேற்றுக் கம்பியில் சொப்பிங் பேக்கைக் கொழுவிவிட்டு ஹோர்ன் அடித்துவிட்டுப் போவான். நான் முழங்கால் வலியோடு வாசல்வரை போவதற்குள் இரண்டு தடவை காகம் கிழித்துவிட்டது. அந்தச் சோறும் மோசமில்லை. ஆனால் அந்த ஏழு மாதத்தில் அந்தப் பெடியனின் முகத்தை நான் ஒழுங்காகப் பார்த்ததில்லை.

இவர்களுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. சாப்பாட்டைக் கையில்தான் கொடுப்பார்கள். வாசலில் வைக்க மாட்டார்கள், பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போக மாட்டார்கள். அந்தப் பிள்ளை ஸ்கூட்டியை நிற்பாட்டி, தலைக்கவசத்தைக் கழற்றி, உள்ளே வந்து புதுக் கரியரைத் தந்துவிட்டு நேற்றைய கரியரை வாங்குவாள். வாங்கியதும் மூடியைத் திறந்து பார்ப்பாள். கழுவி வைத்திருந்தாலும், "நேற்று எல்லாம் முடிஞ்சுதா டீச்சர்?" என்று கேட்பாள். கழுவாமல் மிச்சத்தோடு கொடுக்கச் சொல்லியும் வைத்திருக்கிறார்கள். முதலில் எனக்கு அது வெட்கமாக இருந்தது. முப்பத்தொரு வருடம் கணக்குப் படிப்பித்தவள் நான், என்னுடைய சோற்று மிச்சத்தை ஒரு சின்னப் பிள்ளை எட்டிப் பார்ப்பதா என்று நினைத்தேன். மூத்த அக்கா காரணத்தைச் சொன்னார். கறி பிடித்ததா என்பதை வாயால் கேட்டால் எல்லாரும் நல்லம் என்றுதான் சொல்வார்களாம், மிச்சத்தைப் பார்த்தால்தான் உண்மை தெரியுமாம்.

பங்குனியில் என் கணவரின் திவசம். அதற்கு மூன்றாம் நாள் கரியரை அப்படியே திருப்பிக் கொடுத்தேன். சோற்றில் கை வைத்த அடையாளமே இல்லை. அவள் திறந்தாள், மூடினாள். ஒன்றும் கேட்காமல் படியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் நிற்க முடியாமல் கதவோரக் கதிரையில் இருந்தேன். முற்றத்துப் பூவரசம் இலைகள் நாலு நாளாகக் கூட்டாமல் கிடந்தன. அதைப் பார்த்துக்கொண்டே, "சேர் கீரிமீன் சாப்பிடுவாரா டீச்சர்?" என்று கேட்டாள். சாப்பிட மாட்டார், முள் என்று பயப்படுவார், நான்தான் முள் எடுத்துக் கொடுப்பேன் என்று சொன்னேன். அதன் பிறகு எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியாது. அவளுக்கு இன்னும் ஒன்பது வீடு இருந்தது. அன்று அந்த ஒன்பது வீட்டுக்கும் சாப்பாடு பிந்தித்தான் போயிருக்கும். அந்த வீட்டுக்காரர்களிடம் நான் இந்த எழுத்தின் மூலமாகவாவது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மகள் ஒவ்வொரு இரவும் வீடியோவில் வருகிறாள். அன்றிரவும் வந்தாள். "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டாள். "ஓம் மகள்" என்றேன்.

எங்கள் வீட்டு நிலைமையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் சேவையை எடுக்கிற முப்பத்திரண்டு வீட்டில் பெரும்பாலானவை இப்படித்தான். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் குடி, அதாவது வம்சம், தாய்வழி. வீடு பெண்ணுக்குப் போகும். மகளுக்குக் கல்யாணம் பேசும்போதே வீட்டையும் வளவையும் சீதனமாக எழுதுவோம், மருமகன் இங்கே வருவார். தாயும் தகப்பனும் பின்வளவிலோ பக்கத்து வளவிலோ சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள். ஒதுங்கினாலும் முப்பது அடி தூரம்தான். மகளின் அடுப்புப் புகை தாயின் முற்றத்துக்கு வரும். முதுமைக்கு எங்களுடைய ஆட்கள் செய்துவைத்த ஏற்பாடு அதுதான், வேறு ஏற்பாடு எதுவும் நாங்கள் யோசிக்கவில்லை. இப்போது மகள் ஒஸ்லோவில். அவளுடைய பெயரில் இருக்கும் ஐந்து அறை வீட்டில் நான் இரண்டு அறையைத் திறந்து வைத்திருக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னர் மூன்று மாத விசாவில் ஒஸ்லோ போயிருந்தேன். மார்கழி மாதம் அங்கே பகல் ஆறு மணித்தியாலம்தான். மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் எல்லாரும் காலை ஏழரைக்கு வெளியே போனால் நாலரைக்குத்தான் வருவார்கள். அதுவரை ஐந்தாம் மாடியில் நான் மட்டும். பக்கத்துக் கதவில் எண்பது தாண்டிய ஒரு நோர்வேக்காரப் பெண்மணி, தனி ஆள். நான் அவருக்காக மிகவும் கவலைப்பட்டேன். மகன் இருந்தும் இப்படித் தனியாக விட்டுவிட்டானே என்று மகளிடம் கோபித்தும் இருக்கிறேன்.

ஒருநாள் அவரே கோப்பி குடிக்கக் கூப்பிட்டார். பேத்தி மொழிபெயர்த்தாள். குசினிச் சுவரில் ஒரு கலண்டர். செவ்வாய்க்கிழமைகளில் மூத்தோர் நிலையத்தில் பின்னல் வகுப்பு, வியாழக்கிழமைகளில் செஞ்சிலுவைச் சங்கத்திலிருந்து பேச வருகிற ஒரு பெண் என்று நீலப் பேனையால் எழுதியிருந்தது. மகன் நத்தாருக்கும் ஈஸ்டருக்கும் வருவான், அதுவும் எழுதியிருந்தது. மற்ற நாட்களில் அவனை எதிர்பார்ப்பதில்லையா என்று கேட்டேன். பேத்திக்கு அந்தக் கேள்வியை மொழிபெயர்க்கவே கஷ்டமாக இருந்தது. அவர் யோசித்துவிட்டு, "அவனுக்கு அவனுடைய வீடு இருக்கிறதே" என்றார். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. பிறகு என்னைப் பார்த்து, நாள் முழுக்க என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஐந்து பேர் இருக்கிற வீட்டிலிருந்து போன நான்தான் அந்த மேசையில் தனியாக இருந்தேன்.

திரும்பி வந்த பிறகு இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். கணக்கு டீச்சர் என்றபடியால் எண்களைப் பார்க்காமல் எனக்கு மனம் ஆறாது. தனிமை வெள்ளைக்காரனுடைய வருத்தம், நம்முடைய ஊரில் அது கிடையாது என்றுதான் நானும் நம்பியிருந்தேன். உலக சுகாதார நிறுவனம் 2025 ஆனியில் வெளியிட்ட அறிக்கை உலகத்தில் ஆறு பேரில் ஒருவர் தனிமையில் வாடுவதாகச் சொல்கிறது. பணக்கார நாடுகளில் அது 11 சதவீதம் அளவில், மிகக் குறைந்த வருமான நாடுகளில் 24 சதவீதம் அளவில். இலங்கை அந்தக் கடைசிப் பிரிவில் இல்லை, நடுத்தர வருமானத்தின் கீழ்ப்படியில் நிற்கிறோம். என்றாலும் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோது நான் கொப்பியை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

அதற்கு முன்னர், 2022இல், 113 நாடுகளின் தரவைச் சேர்த்து ஓர் ஆய்வு வந்தது. அறுபது தாண்டியவர்களில் தனிமையை உணர்கிறவர்கள் வட ஐரோப்பாவில் 5.2 சதவீதம், கிழக்கு ஐரோப்பாவில் 21.3 சதவீதம். நோர்வேயில் உள்ள வீடுகளில் 40 சதவீதம் அளவில் ஒரே ஆள் வாழும் வீடுகள். தனியாக வாழ்கிறவர்கள் அதிகமான இடத்தில் தனிமை குறைவாகவும், பிள்ளைகளோடு கூடி வாழ்கிற வழக்கம் உள்ள தெற்கிலும் கிழக்கிலும் கூடவாகவும் இருக்கிறது. இதற்குக் காசும் ஒரு காரணம். ஓய்வூதியம், வைத்தியம், பனியிலும் ஓடுகிற பேருந்து எல்லாம் இருந்தால்தான் எண்பது வயதில் பின்னல் வகுப்புக்குப் போகலாம். இன்னொரு காரணத்தை ஆய்வாளர்கள் எதிர்பார்ப்பு என்கிறார்கள். ஒருவர் விரும்புகிற உறவுக்கும் கிடைக்கிற உறவுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளிதான் தனிமையாம். அந்தப் பெண்மணி வருடத்தில் இரண்டு நாளை எதிர்பார்த்தார், இரண்டு நாள் கிடைத்தது. எனக்கு முப்பது அடி தூரத்தில் ஓர் அடுப்புப் புகை வேண்டியிருந்தது.

எல்லா ஆய்வும் ஒரே மாதிரிச் சொல்லவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 237 நாடுகளையும் தீவுகளையும் சேர்ந்த நாற்பத்தாறாயிரம் பேர் இணையத்தில் பதில் கொடுத்த ஒரு பிரித்தானிய ஆய்வில், தனிமனித வாழ்க்கைக்கு முதலிடம் கொடுக்கிற சமூகங்களில்தான் தனிமை கூடுதலாகத் தெரிந்தது. அதில் விரும்பியவர்கள்தான் பதில் சொன்னார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, அளக்கிற சொல். லொஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1978இல் செய்த அளவுகோல் ஒன்றைப் பல நாடுகளில் பாவிக்கிறார்கள். அதன் சுருக்கத்தில் மூன்றே கேள்வி. துணைக்கு ஆளில்லை என்று எத்தனை தடவை தோன்றுகிறது, ஒதுக்கப்பட்டதாக எத்தனை தடவை, மற்றவர்களிடமிருந்து பிரிந்து கிடப்பதாக எத்தனை தடவை. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து மூன்றுவரை புள்ளி, கூட்டுத்தொகை கூடினால் தனிமை கூட. எங்களுடைய ஆட்களிடம் போய் இப்படிக் கேட்டால் என்ன பதில் வரும்? "எனக்கென்ன, பிள்ளையள் நல்லா இரிக்குதுகள்" என்பார்கள். தனிமை என்ற சொல்லைக் கல்லடியில் யாரும் வாயால் சொல்வதில்லை. "பொழுது போகுதில்ல" என்பார்கள். "வீடு வெறிச்செண்டு கிடக்கு" என்பார்கள். வீட்டைப் பற்றிச் சொல்கிற மாதிரிச் சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவார்கள். நான் எனக்கே புள்ளி போட்டுப் பார்த்தேன். ஒஸ்லோவில் ஏழு. திரும்பி வந்த முதல் ஆறு மாதம் எட்டு. இப்போது ஐந்து.

இந்தப் பெண்கள் செய்கிறதை மற்ற நாடுகளில் வேறு வேறு பெயரில் செய்கிறார்கள். இங்கிலாந்தில் 1943இல், போர்க்காலத்தில், பெண் தொண்டர்கள் முதியவர்களுக்குச் சமைத்த சாப்பாட்டை வண்டியில் கொண்டுபோகத் தொடங்கினார்கள். 2018இல் அங்கே தனிமைக்கென்று ஓர் அமைச்சரையே நியமித்தார்கள், 2021இல் ஜப்பானும் நியமித்தது. நெதர்லாந்தில் ஒரு சுப்பர்மார்க்கெட் 2019இல் அவசரமில்லாதவர்கள் நின்று பேசிக்கொண்டே காசு கட்டுவதற்கென்று தனிக் கவுண்டர் திறந்தது. எனக்கு மனதில் நின்றது ஜப்பானின் யகுல்ற் பெண்கள்தான். வீடு வீடாகப் பால் பானம் கொண்டுபோகிறவர்கள் அவர்கள். 1972இலிருந்து, தனியாக இருக்கிற முதியவர்கள் சுகமாக இருக்கிறார்களா என்று பார்ப்பதையும் அவர்கள் ஒரு வேலையாகச் செய்கிறார்கள். அந்த நாட்டில் 2024ஆம் ஆண்டு மட்டும் வீட்டில் தனியாக இறந்தவர்கள் 76,020 பேர் என்று பொலிஸ் கணக்கு சொல்கிறது. நாலில் மூன்று பேர் 65 வயதைக் கடந்தவர்கள். தெற்காசியாவில் மூத்தவர்களின் விகிதம் அதிகமான நாடு இலங்கை. நாங்கள் இதையெல்லாம் இப்போதே யோசிக்கத் தொடங்க வேண்டும்.

சாப்பாடு கொண்டுவருகிற பிள்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருபத்தாறு வயது. புருஷன் கட்டாரில், மூன்று வருடமாகிறது. மாமி வீட்டில் எட்டுப் பேர் இருக்கிறார்கள். அந்த உலக சுகாதார அறிக்கையில் 13 முதல் 29 வயதுவரை உள்ளவர்களில் 17 முதல் 21 சதவீதம் பேர் தனிமையை உணர்வதாக வாசித்தபோது எனக்கு அவளுடைய முகம்தான் வந்தது. ஒருநாள் அவளிடம் கேட்டேன், முப்பத்திரண்டு வீட்டில் பேசிவிட்டுப் போய் வீட்டில் யாரோடு பேசுவாய் என்று. "வீட்ட வேலதான் டீச்சர் இரிக்கி. கதை எல்லாம் இஞ்சதான்" என்றாள். அன்றிலிருந்து ஒரு தேத்தண்ணி ஊற்றி வைக்கிறேன். நின்றபடியே இரண்டு மிடறு குடித்துவிட்டு ஓடுவாள். மூத்த அக்காவுக்கு இது தெரியும், தடுக்கவில்லை. ஒரு வீட்டுக்கு ஐந்து நிமிடம் என்று கணக்குப் போட்டுத்தான் வீடுகளைக் குறைவாக எடுக்கிறார்களாம். இன்னும் இருபது வீடு எடுத்தால் வருமானம் கூடும். கையில் கொடுத்துப் பேச நேரம் இருக்காது.

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு: மாதக் காசை முன்னரே கட்டலாம், இங்கே உள்ள வங்கிக் கணக்குக்குப் போட்டால் போதும். இடையில் நிற்பாட்டினால் மிச்சக் காசை அடுத்த மாதத்தில் கழிக்கிறார்கள், எனக்குக் கழித்தார்கள். ஒழுங்கு செய்யும்போது அம்மாவுக்குப் பிடித்த கறி என்ன, பிடிக்காதது என்ன என்று மூத்த அக்கா கேட்பார். என் மகளிடம் கேட்டபோது அவள் சொன்ன பட்டியலில் பாதி அவளுடைய அப்பாவுக்குப் பிடித்தவை. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், மிச்சத்தைப் பார்த்து அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். அம்மா நாலு நாள் தொடர்ந்து சாப்பிடவில்லை என்றால் உங்களுக்குச் செய்தி வரும். அம்மாவுக்குச் சொல்லிவிட்டுத்தான் அனுப்புவார்கள். அதுவும் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமையும் தரும்படி நான் இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன். "அந்தப் புள்ளைக்கும் ஒரு நாள் வேணுமே டீச்சர்" என்றார் மூத்தவர். சரி என்று ஞாயிறில் நானே சமைக்கிறேன். இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிற ஓய்வுபெற்ற தபாலதிபர் ஐயாவும் இவர்களிடம்தான் சாப்பாடு எடுக்கிறார். அவருக்கு அடுப்பு மூட்டத் தெரியாது, ஞாயிறில் பாணும் வாழைப்பழமும் சாப்பிடுவதாக அந்தப் பிள்ளைதான் சொன்னாள். மூன்று வாரமாக அவருக்கும் சேர்த்து ஒரு சுண்டு அரிசி கூடப் போடுகிறேன். பக்கத்து வீட்டுப் பெடியன் சைக்கிளில் கொண்டுபோய்க் கையில் கொடுத்துவிட்டு வருவான். போன வாரம் அவருடைய கரியர் திரும்பி வந்ததும் மூடியைத் திறந்து பார்த்தேன். சோறு முடிந்திருந்தது, பருப்பும் முடிந்திருந்தது. கத்தரிக்காய்ப் பால்கறி வைத்தது வைத்தபடி இருந்தது. வருகிற ஞாயிறு வாழைக்காய் வைத்துப் பார்க்கப் போகிறேன்.